பல்லுக்குப் பிடித்த கந்தசட்டி

நான் ஆறு வருடம் தொடர்ந்து கந்தசட்டி விரதம் பிடித்தவன். இதைச் சொன்னால் முன்பின் தெரியாதவர்கள்கூட என்னை ஒருதரம் மரியாதையாகப் பார்ப்பார்கள். ஐப்பசி மழைக்குள் ஆறு நாள் சோற்றை மறந்து முருகனை நினைத்துக்கொண்டு கிடப்பது லேசான காரியமில்லை. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்த விரதத்தைத் தொடங்கியது முருகனுக்காக அல்ல. கீழ்வரிசையில், வலப்பக்கம், ஆகக் கடைசியாக நின்ற ஒரு ஞானப்பல்லுக்காக. (முருகனுக்கும் இது தெரியும். அவர் இதுவரை ஒன்றும் கதைக்கவில்லை.)

என்னைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, அல்லது நான் அதை விட்டேன். இரண்டு தரப்பும் வருத்தப்படவில்லை. பிறகு பருத்தித்துறையில் மீன்பெட்டி சுமந்தேன். வவுனியாவில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன். நெல்லியடியில் சைக்கிள் கடையொன்றில் ரியூப் ஒட்டினேன். ஓரிடத்தில் நாலு மாதம் நின்றால் எனக்கு உள்ளங்கால் அரிக்கத் தொடங்கிவிடும். சண்டை வந்து ஊர் ஊராகச் சனம் இடம்பெயர்ந்தபோதும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முன்பு தனியாக அலைந்தேன், இப்போது துணைக்கு ஆட்கள் வந்தார்கள், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரம் கண்ணில் காண்பதே அரிது. என் கையில் ஒரேயொரு வித்தை இருந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டருக்குச் சொட்டுப் பெற்றோல் காட்டி உயிர் கொடுத்து, அது இருமிக்கொண்டு ஓடத் தொடங்கியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவேன். அந்த வித்தை கொக்குவிலில் தம்பிராசா அண்ணையின் புகையிலைத் தோட்டத்துக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மோட்டர் திருத்த ஒரு நாள் போனவன், கிணற்றடி மோட்டர் கொட்டிலிலேயே தங்கிவிட்டேன். நாலு மாதம் கழிந்தது. உள்ளங்கால் அரிக்கவில்லை.

காரணம் அண்ணையின் மகள் வசந்தி. (மோட்டரும்தான். ஆனால் மோட்டரைப் பற்றி இப்போது யாரும் கேட்கமாட்டார்கள்.) அண்ணைக்கு என்னில் விருப்பம். வசந்தியோ, "அம்மா ஓமெண்டால் எனக்கும் ஓம்" என்று சொல்லிவிட்டாள். மிச்சமிருந்தது அந்த அம்மா. பரமேஸ்வரி அக்கா. மாமி என்று கூப்பிட எனக்கு எவ்வளவோ ஆசை. அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

அக்காவின் தீர்ப்பை ஒருநாள் குசினிப் பக்கமிருந்து என் காதாலேயே கேட்டேன்.

"வேலைகாரப் பொடியன்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அவன்ரை நெத்தியிலை ஒருநாள் திருநீறு கண்டனியளே? வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்க் கருவாட்டு மணத்தோடை வாறான். கோயில் குளம் தெரியாத ஒருத்தனுக்கு என்ரை பிள்ளையை எப்பிடிக் குடுக்கிறது?"

"அவனாலைதானே எங்கடை தோட்டத்துக்குத் தண்ணி ஓடுது?"

"தண்ணி ஓடுது. உவனும் ஒருநாள் ஓடுவான். பாருங்கோவன்."

இந்த நிலையில்தான் ஆடி மாதம் என் கன்னம் முதல்தரம் வீங்கியது.

கொக்குவிலில் ஓய்வுபெற்ற பல் டொக்டர் ஒருவர் வீட்டு விறாந்தையிலேயே பல் பார்த்தார். கரண்ட் இல்லாததால் கதிரையைக் கிழக்குப் பார்க்கப் போட்டிருப்பார். சூரியன்தான் அவருடைய மின்குமிழ். பத்து மணிக்குப் பிறகு போனால், "உன்ரை வாய்க்குள்ளை இருட்டிப்போச்சு, நாளைக்கு வா" என்பார். அவர் என் வாயைப் பிளந்து பார்த்தார்.

"ஞானப்பல். எல்லாற்றை ஞானப்பல்லையும் பிடுங்கவேணும் எண்டில்லை, தம்பி. நேராய் முளைச்சு, துலக்கக் கை எட்டுமெண்டால் அது தன்ரை பாட்டிலை இருக்கட்டும். உன்ரை அப்பிடியில்லை. பாதி முரசுக்குள்ளை, அந்தச் சதைக்கு மேலை மிச்சம் பக்கத்துப் பல்லிலை சாய்ஞ்சுகொண்டு நிக்குது, சந்தியிலை சைக்கிளைச் சாத்தி வைச்ச மாதிரி. இடுக்கிலை சாப்பாடு அடையும், வீங்கும். முதல்தரம் வீங்கினால் உப்புத்தண்ணியாலை கொப்புளி, பாப்பம். ரெண்டாந்தரம் வீங்கினால் எடுத்துத்தான் ஆகவேணும்."

"இப்பவே எடுத்துவிடுங்கோவன், ஐயா."

"வீக்கத்தோடை எடுக்கக்கூடாது. விறைப்பு ஊசியும் பிடிக்காது. என்னட்டைக் கிடக்கிறதும் கொஞ்ச மருந்து. வத்தினாப்பிறகு வா."

"வத்தினால் நோகாதே?"

"நோகாது."

"நோகாட்டில் பிறகென்னத்துக்குப் பிடுங்குவான்?"

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உப்பிடித்தான் எல்லாரும் கேக்கிறது. நோகேக்கை நான் பிடுங்கமாட்டன். நோகாதபோது நீங்கள் வரமாட்டியள். அதாலைதான் நான் இன்னும் இந்த ஓட்டைக் கதிரையிலை இருக்கிறன்."

சில நாளில் வீக்கம் வற்றியது. நான் டொக்டர் வீட்டு ஒழுங்கைக்குள் சைக்கிள் விடுவதையே நிறுத்திவிட்டேன். நல்லாக இருக்கிற வாய்க்குள் பல் பிடுங்கும் குறடு நுழைய விட எனக்கென்ன விசரா?

ஐப்பசி வந்தது. மழையும் வந்தது. ஒருநாள் விடியற்காலையில் எழும்பினால் வலப்பக்கக் கன்னம் தேங்காய்ப் பாதியைக் கவிழ்த்து வைத்ததுபோல் நிற்கிறது. வாயைத் திறக்கப் பார்த்தேன். ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்கு மேல் திறக்கவில்லை. தாடை பூட்டிக்கொண்டது. உடம்பு அனலாகக் கொதித்தது. கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாகத் தலையில் ஊற்றினேன். கொட்டில் சுவரில் யாரோ எப்போதோ தொங்கவிட்ட திருநீற்றுக் குடுவை இருந்தது. வேறு மருந்து இல்லாததால் அதைக் குழைத்துக் கன்னத்தில் அப்பினேன். ஒரு பக்கம் மட்டும் பூசினால் கோமாளி மாதிரி இருக்கும் என்று நெற்றியிலும் மற்றக் கன்னத்திலும் கொஞ்சம் இழுத்துவிட்டேன். தலையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துண்டு. பிறகு சுவரோடு சாய்ந்து, கண்ணை மூடி, முனகிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குக் கந்தசட்டி முதல் நாள் என்பது எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

பரமேஸ்வரி அக்கா காலைப் புட்டோடு கொட்டில் வாசலுக்கு வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். விடிய முழுகிய தலை. முகம் முழுக்கத் திருநீறு. மூடிய கண். வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பு.

"தம்பி... சட்டி பிடிக்கிறியோ?"

பல்வலி என்று சொல்ல வாயெடுத்தேன். "ம்ம்ம்" என்றுதான் வந்தது.

"மௌனமோ?"

இல்லையென்று தலையை ஆட்டினேன். பாதி ஆட்டியபோதே தாடைக்குள் ஈட்டி பாய்ந்ததில், தலை தானாக மேலும் கீழும் ஆடிவிட்டது.

அக்காவின் கண் கலங்கியது. புட்டுத் தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். "இஞ்சேருங்கோ, நான் அந்தப் பிள்ளையைப் பிழையாய் நினைச்சுப்போட்டன்!" என்று அவர் சொன்னது கிணற்றடி வரைக்கும் கேட்டது.

ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு எழுதத் தெரியும். ஆனால் அந்த வசனத்தைக் கேட்ட பிறகு எந்தக் கைக்குப் பேனையைத் தூக்க மனம் வரும்?

திரும்பி வந்தபோது அக்காவின் கையில் செம்புத் தண்ணீரும் ஒரு மிளகும் இருந்தன. அந்த வீட்டில் கந்தசட்டி அப்படித்தான். முதல் நாள் ஒரு மிளகு, அடுத்த நாள் இரண்டு என்று ஏறிக்கொண்டு போகும். தண்ணீர் விட்டு விழுங்கவேண்டும். பால், பழம்கூட இல்லை. "ஆ காட்டு" என்றார். காட்ட முடிந்ததைக் காட்டினேன். பல்லிடுக்கால் மிளகைச் செருகிவிட்டார். அது தொண்டைக்குப் போகவில்லை. நேரே கடைவாய்க்கு உருண்டு, வீங்கிப் பிளந்து நின்ற முரசில் போய் உட்கார்ந்துகொண்டது.

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கையிரண்டையும் தலைக்குமேல் தூக்கினேன். (வலியில் மனிதன் எதையாவது பிடிக்கப் பார்ப்பான்.)

"முருகா! பிள்ளை உருகி அழுறானே!" என்று அக்காவும் கூட அழுதார்.

அடுத்த நாளிலிருந்து மிளகு கொண்டுவரும் வேலை வசந்திக்கு. அவள் செம்பை வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"முருகன் உங்களுக்கு ஒரு பக்கக் கன்னத்திலை மட்டும்தான் அருள் தந்திருக்கிறார் போலை" என்றாள். மிளகைத் தன் வாயில் போட்டு விழுங்கிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் அவளைக் கட்டவேண்டும் என்று முடிவெடுத்தது உண்மையில் அப்போதுதான்.

இரண்டாம் நாள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு டொக்டரிடம் போனேன். வானம் மூட்டமாக இருந்ததால் கதிரையை முற்றத்துக்கே இழுத்துப் போட்டுப் பார்த்தார்.

"ரெண்டாந்தரம். நான் சொன்னனான். இனி எடுத்துத்தான் ஆகவேணும். ஆனா இந்த வீக்கத்தோடை ஏலாது. குளிசை தாறன். மூண்டு நேரமும் போடு. முக்கியம், சாப்பிட்டாப்பிறகு. வெறுவயித்திலை போட்டியெண்டால் குடல் புண்ணாகிப்போம்."

யோசித்துப் பாருங்கள். வீட்டிலோ ஒரு பருக்கை தொட வழியில்லை. கையில் மூன்று நேரமும் சாப்பிட்ட பிறகு போடவேண்டிய குளிசை. பல்லைக் காப்பாற்றினால் பெண் போய்விடும். பெண்ணைக் காப்பாற்றினால் குடல் போய்விடும்.

கடைசியில் தாவடிப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடைக்குச் சைக்கிளை விட்டேன். கொக்குவில் ஆட்கள் அவ்வளவாகப் போகாத கடை. பின்பக்கம் சாக்குத் தொங்கவிட்ட ஒரு மறைப்பும், அதற்குள் இருக்க ஒரு நீள வாங்கும் உண்டு. சாக்கை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

வாங்கில் தம்பிராசா அண்ணை இருந்தார். வலக்கையில் எண்ணெயில் பொரித்த வாழைப்பழ வாய்ப்பன் ஒன்று. இடக்கையில் இன்னொன்று. நெற்றியில் மூன்று குறித் திருநீறு, இன்றைக்குப் பூசியது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் வாயில் கிடந்ததை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் இருந்தார். கடைசியில் விழுங்கினார்.

"நீ மௌன விரதமெல்லோ? இஞ்சை என்ன செய்யிறாய்?"

நான் துண்டை விலக்கி, கன்னத்தைத் தொட்டுக் காட்டி, கீழுதட்டை இழுத்துக் காட்டி, டொக்டரின் குளிசையையும் எடுத்து வாங்கில் வைத்தேன். விளங்கிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் சிரித்தார் பாருங்கள், வாய்ப்பன் மூக்கால் வந்துவிட்டது. கடைக்காரர் ஓடிவந்து முதுகில் தட்டவேண்டியதாகிவிட்டது.

"நான் இருவத்திரண்டு வருஷமாய்ச் சட்டி பிடிக்கிறன்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "பிடிக்கிறதெண்டால் இப்பிடித்தான். பரமேசுக்குத் தெரிஞ்சால் என்ரை கதை முடிஞ்சுது. நீ என்னைக் காணேல்லை. நான் உன்னைக் காணேல்லை. சரியோ?"

நான் தலையாட்டினேன்.

"இன்னொண்டு. சட்டி விரதம் தொடங்கினால் ஆறு வருஷம் விடாமல் பிடிக்கவேணும். அது தெரியுமோ உனக்கு?"

தெரியாது என்று எப்படிச் சொல்வது? அவர் வாய்ப்பனைத் தேத்தண்ணியில் ஊறவைத்து என் பக்கம் தள்ளினார். அதை உறிஞ்சிக்கொண்டே என் வருங்காலத்தை யோசித்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் "மோட்டருக்கு எண்ணெய் பாத்துக்கொண்டு வாறம்" என்று சொல்லிவிட்டு, மாமனும் மருமகனும் போல் சைக்கிளில் ஒன்றாகப் போய்வந்தோம். அக்கா எங்கள் இருவரின் முகத்திலும் பக்திக் களை தெரிகிறது என்று அயலுக்கெல்லாம் சொன்னாராம்.

குளிசை வேலை செய்தது. ஆறாம் நாள் வீக்கம் பாதியாகிவிட்டது. வாய் இன்னும் சரியாகத் திறக்கவில்லை. நாளைக்குப் பாறணை, விரதம் முடிந்துவிடும், பல்லைப் பிறகு பார்க்கலாம், அல்லது பார்க்காமலே விடலாம் என்று மனம் பழையபடி கணக்குப் போடத் தொடங்கியது. அப்போதுதான் அக்கா வந்து அந்தச் செய்தியைச் சொன்னார்.

"கோயிலிலை கதைச்சுப்போட்டன், தம்பி. ஆறு நாளும் வாய் திறவாமல் கிடந்த பிள்ளை. பின்னேரம் சூரன் தூக்கேக்கை முன்தடியிலை நீதான் நிக்கிறாய்."

எங்கள் பக்கத்துச் சூரன்போரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சூரன் பெரிய மரச்சிலை. அதை நீளமான தடிகளில் கட்டி, இளந்தாரிகள் தோளில் ஏற்றி, முன்னும் பின்னும் ஓடிக் குலுக்கி ஆட்டுவார்கள். உடம்பு ஒன்றுதான், தலைதான் மாறும். யானைத்தலை, சிங்கத்தலை, பிறகு சூரனின் சொந்தத் தலை. ஒவ்வொரு தலையையும் முருகனின் வேல் வந்து தொட்ட பிறகுதான் கழற்றுவார்கள். அதற்கு முன் கழன்றால், சொல்ல வேண்டாம், சரித்திரமே மாறிவிடும்.

மழை விட்டுவிட்டுப் பெய்து வீதியெல்லாம் சேறு. மேளம் வானைப் பிளந்தது. நான் முன்தடியில் நின்றேன், வலத்தோளில். வலக்கன்னத்துக்கும் தடிக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி. முதல் இரண்டு தலைக்கும் தப்பிவிட்டேன். சொந்தத் தலை பூட்டியாயிற்று. அக்கா முன்வரிசையில் கைகூப்பி நின்றார், பக்கத்தில் வசந்தி. எதிரே முருகன் சப்பறத்தில் வந்துகொண்டிருந்தார். ஐயர் வேலை ஓங்கியபடி பாதித் தூரத்தில் நின்றார்.

பின்னால் நின்றவனுக்குக் கால் வழுக்கியது. தடி துள்ளி என் தாடையில் அறைந்தது.

உள்ளுக்குள் ஏதோ உடைந்தது. ஆறு நாளாகப் பூட்டிக் கிடந்த வாய் முழுதாகத் திறந்தது. நான் தடியை விட்டுவிட்டுக் கன்னத்தைப் பிடித்தேன். சூரன் ஒரு பக்கம் சரிந்தான். அவனுடைய தலை கழன்று, சேற்றில் உருண்டு, பரமேஸ்வரி அக்காவின் காலடியில் மல்லாந்து கிடந்தது. மேளக்காரர் கையை நிறுத்திவிட்டார். அந்த அமைதிக்குள் என் குரல்தான் கேட்டது.

"ஐயோ, என்ரை பல்லு! ரெண்டாந்தரம் வீங்கினால் எடுக்கவேணுமெண்டு டொக்டர் சொன்னவரே! நான் கேக்கேல்லையே! மிளகையும் வைச்சுத் தேச்சுப்போட்டாங்களே!"

ஐயர் ஓங்கிய வேலைக் கீழே இறக்கினார். கூட்டத்தில் ஒருவர், "வேல் வர முந்தியே சூரன் செத்துப்போனான். இனி முருகனுக்கென்ன வேலை?" என்றார். அதோடு பெண்கள் பக்கம் சிரிப்புத் தொடங்கி வீதி முழுக்கப் பரவியது. தலையைக் கழுவி, திரும்பப் பூட்டி, போரை மறுபடி நடத்தினார்கள். என்னை அல்ல, வேறொருவரை முன்தடியில் விட்டார்கள்.

அடுத்த நாள் கொட்டிலில் என் துணிப்பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். இனி அங்கே நிற்க முகம் இல்லை. போக எனக்கு இடமா இல்லை? ஆனால் உள்ளங்கால் அரிக்கவில்லை என்பதுதான் கரைச்சலாக இருந்தது. வாசலில் நிழல் விழுந்தது. அக்கா.

"எங்கை வெளிக்கிட்டாச்சு?"

நான் பையின் முடிச்சை இன்னும் இறுக்கினேன்.

"இப்ப வாய் திறக்கும்தானே? கதை. ஆறு நாளும் பல்லுக்குத்தோ?"

"ஓம், அக்கா."

"ஆறு நாளும் இந்த வீட்டிலை ஒரு பருக்கை திண்டனியோ?"

"இல்லை, அக்கா. இந்த வீட்டிலை இல்லை."

பின்னால் நின்ற தம்பிராசா அண்ணைக்குத் திடீரென்று இருமல் பிடித்தது. அக்கா திரும்பிப் பார்க்காமலே, "தாவடியிலை வாய்ப்பன் நல்லாப் போடுறாங்களாம், நானும் இருவத்திரண்டு வருஷமாய்க் கேள்விப்படுறன்" என்றார். இருமல் நின்றது.

"பையை அவிழ். முதல் பல்லைப் பிடுங்குவம். மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

டொக்டர் வீட்டுக்கு நாலு பேரும் போனோம். மழை இருட்டு. சூரியன் இல்லை. டொக்டர் தன் சைக்கிளை விறாந்தையில் ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோ விளக்கைக் கழற்றி என் வாய்க்கு நேரே கட்டினார். தம்பிராசா அண்ணை ஏறி மிதித்தார். வசந்தி சட்டி பிடித்தாள். (மண்சட்டி. துப்புவதற்கு.) அக்கா என் தலையைத் தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். விறைப்பு மருந்து கொஞ்சம்தான் இருந்தது.

"உவன்ரை பல்லைப் பிடுங்கிறது உண்மையாய்த் தேவையோ, டொக்டர்?" என்று அக்கா கேட்டார்.

"சூரனே விழுந்திட்டான். இனியும் தேவையில்லையெண்டால் எப்ப தேவை?"

அண்ணைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மிதிக்க முடியாது. மிதிக்காவிட்டால் விளக்கு எரியாது. குறடு பல்லைப் பிடித்த நேரம் பார்த்து விளக்கு மங்கியது. "மிதியுங்கோ அப்பா!" என்று வசந்தி கத்தினாள். டொக்டர் இருட்டிலேயே இழுத்தார். நான் போட்ட சத்தம் ரெயில்பாதை வரை கேட்டிருக்கும்.

"ஐயோ மாமீ!"

பல் சட்டிக்குள் டங் என்று விழுந்தது. மாமி என் தலையை விடவில்லை. பிடி மட்டும் கொஞ்சம் இளகியது.

"விரதம் விரதம்தான்" என்றார். "தொடங்கினால் ஆறு வருஷம் பிடிக்கவேணும். வாற வருஷமும் எங்கடை வீட்டிலை நிண்டு பிடி. நான் பாத்துக்கொண்டிருப்பன்."

அதுதான் சம்மதம். வேறு வார்த்தையில் அவர் அதைச் சொன்னதே இல்லை.

அந்த ஆறு வருடத்தையும் பிடித்து முடித்தேன். ஒரு வருடம் மோட்டரையும் தோட்டத்தையும் விட்டு ஊரோடு இடம்பெயர்ந்து, தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ் முடிக்கவேண்டி வந்தது. அந்தமுறை யாருக்கும் தனியாக விரதம் பிடிக்கத் தேவை இருக்கவில்லை. ஆனாலும் மாமி அடுப்புச் சாமானோடு ஒரு சிறு பொதி மிளகையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தார்.

எங்கள் வீட்டில் இப்போது யார் எதைத் தள்ளிப் போட்டாலும், கூரை ஓடு மாற்றுவதோ, கடிதத்துக்குப் பதில் போடுவதோ, ஒரே கேள்விதான் கேட்பார்கள். "சூரன் விழுமட்டும் இருக்கப்போறியளோ?" என் பிள்ளைகளுக்கு அந்தக் கதை முழுதாகத் தெரியும். தாவடி வாய்ப்பன் உட்பட.

இடப்பக்க ஞானப்பல் கொஞ்ச நாளாக முரசைக் குத்துகிறது. சென்றகிழமை ஒருதரம் வீங்கி வற்றியது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் வசந்தி என் கன்னத்தைப் பார்த்தாள், பிறகு சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாள், பிறகு குசினிக்குள் போனாள். மிளகுப் போத்தலை எடுத்துவந்து என் முன்னால் மேசையில் வைத்தாள்.

நான் எழும்பி, பல் டொக்டரிடம் போகச் சேட்டை எடுத்து மாட்டினேன்.